மார்க்கர் தோற்றுக்கொடுத்த ஆட்டங்கள்

சவரிமுத்துவுக்கு ஜெயிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெயிக்க நன்றாகவே தெரியும். தோற்கத்தான் அதைவிட நன்றாகத் தெரியும். மனுஷனுக்கு வந்த வினையெல்லாம் அந்த வித்தையால் வந்ததுதான். அவரோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். கனடாவில் ஒஷாவா என்ற ஊரில் ஒரு கார் தொழிற்சாலையில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த விம் என்ற டச்சுக்காரனையும் அல்லவா அது சேர்த்து இழுத்தது.

குன்னூரில் ஒரு கிளப்பில் சவரிமுத்து வெகுகாலம் மார்க்கராக இருந்தார். வெள்ளைக்காரன் கட்டிய கிளப். அவன் போன பிறகு எஸ்டேட் முதலாளிகளும் ராணுவ அதிகாரிகளும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்நூக்கர் மேஜையின் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் நீவி, இஸ்திரி போட்டு, பந்துகளைத் துடைத்து, ஆட்டம் நடக்கும்போது புள்ளியை எண்ணிச் சொல்வது மார்க்கரின் வேலை. கூட ஆட ஆள் இல்லாமல் மெம்பர் யாராவது வந்து நின்றால் அவரோடு ஆடுவதும் மார்க்கர்தான். அங்கேதான் சங்கதி இருக்கிறது. மெம்பரை மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. அப்படி யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் ஜெயித்துக் காட்டிய மார்க்கர் அடுத்த மாதம் கிளப் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருப்பான். அதற்காகக் கன்னாபின்னாவென்று தோற்றாலும் ஆகாது. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்று தெரிந்துவிட்டால் மெம்பருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆட்டத்தைக் கடைசிக் கறுப்புப் பந்துவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து மயிரிழையில் தோற்க வேண்டும். நடுநடுவே ஒன்றிரண்டு ஜெயித்தும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் தட்டும்.

இதில் சவரிமுத்துவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் அடித்த பந்து மேஜையோரத்துக் குழியைப் பார்த்து நேராகத்தான் போகும். போய், குழியின் இரண்டு உதட்டிலும் தட்டி, உள்ளே விழாமல் வாயிலேயே நின்றுவிடும். பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மெம்பர் வந்து அதை லேசாகத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, "பேட் லக், சவரி" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு மேஜரைக் குஷிப்படுத்திட்டேன்" என்று மனைவி ரோஸ்லினிடம் சொல்லி இன்னொரு தரம் சிரிப்பார். போகப்போக இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகச் செய்தது.

ரோஸ்லின் நர்ஸ். அவளுடைய உத்தியோகம்தான் இரண்டு பேரையும் டொராண்டோவுக்குக் கொண்டுவந்தது. 1971இல் அவள் முன்னால் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மறுவருஷம் இவர் வந்து சேர்ந்தார். ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க சவரிமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. டான்ஃபோர்த் சாலையில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கன் ஸ்நூக்கர் ஹால் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மாடியேறிப் போனார். மேஜைத் துணியைத் தடவிப் பார்த்தார். பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்காமலே ஒரு பிரஷ்ஷை எடுத்து நீவ ஆரம்பித்தார். ஸ்டாவ்ரோஸ் வாயில் சுருட்டோடு கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, நாளையிலிருந்து வா என்றான்.

தினமும் பஸ் பிடித்து வார்டன் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். கடை திறக்கும் முன்பே மேஜைகளையெல்லாம் சீராக்கிவிட்டு, தனக்குத்தானே ஒரு ஆட்டம் ஆடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் அடித்த எந்தப் பந்தும் குழிவாயில் நின்றதில்லை. ஆனால் வாடிக்கைக்காரர்களோடு ஆடமாட்டார். யாராவது கூப்பிட்டால் அந்த மேஜையில் வேலை இருக்கிறது, இந்த விளக்கை மாற்ற வேண்டும் என்று நழுவிவிடுவார். அவர் ஆடக்கூடிய ஆள் என்பதே ஸ்டாவ்ரோஸைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

தெரியவைத்தது வின்னிபெக் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வாய்க்கொழுப்பு பிடித்தவன். 1974, இலையுதிர் காலம். ஊர் ஊராகப் போய் ஹால் ஹாலாக ஆடி எல்லாரையும் மண்ணைக் கவ்வவைத்துவிட்டு, இந்த ஹாலில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று ஸ்டாவ்ரோஸைப் பார்த்தே கேட்டான். ஸ்டாவ்ரோஸுக்குக் காது சிவந்துவிட்டது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த சவரிமுத்துவைக் கூப்பிட்டு, "இவன் என் கஸ்டமர் இல்லை. அடி" என்றான். கஸ்டமர் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சவரிமுத்து பந்துகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனதில் வின்னிபெக்காரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே அதிகம் வேண்டியிருக்கவில்லை. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனபோது ஹாலே கைதட்டியது. சவரிமுத்து கூச்சத்தில் நெளிந்துவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கைதட்டியவர்களில் விம்மும் ஒருவன். முப்பது வயசு இருக்கும். நெட்டையாக, வைக்கோல் நிறத் தலைமுடியோடு இருப்பான். பிறந்தது ஹாலந்தில் டில்பர்க் பக்கம். பன்னிரண்டு வயசில் அப்பா அம்மாவோடு கனடா வந்தவன். அவனுடைய அப்பா ஊரில் காப்பிக்கடை வைத்திருந்தார். கடையில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. டச்சுக்காரர்களின் மேஜையில் குழியே கிடையாது. பந்தைப் பந்தோடு மோதவைப்பதுதான் ஆட்டம். அதில் வளர்ந்ததால் மற்றப் பந்துகளை இடித்துத் தள்ளும் வெள்ளைப் பந்து அவன் சொன்ன இடத்தில் போய் உட்காரும். ஆனால் தூரத்துக் குழியில் பந்தைப் போடும் விஷயத்தில் கை நடுங்கும். மற்றவர்களுக்கு அது தெரியாது. சவரிமுத்துவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

வின்னிபெக்காரனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு மற்ற வாடிக்கைக்காரர்கள் சவரிமுத்துவோடு ஆடப் பயந்தார்கள். விம் மட்டும் மறுநாளே தொழிற்சாலை வேலை முடிந்ததும் காரை விட்டுக்கொண்டு வந்து, "எனக்கு உங்களோட ஆடணும்" என்றான். இரண்டு பேரும் பேசியது இரவல் இங்கிலீஷ்தான். தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும். சவரிமுத்து வழக்கம்போல விளக்கைக் காட்டி நழுவப் பார்த்தார். விம் விடவில்லை. போய் இரண்டு காப்பி வாங்கிவந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

கிளப்பில் மெம்பர் முன்னால் மார்க்கர் உட்கார்ந்ததில்லை. அவர் எத்தனையோ பேருக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு இழுத்துப் போட்டவன் இவன்தான். இந்தப் பையனுக்கு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது. எழுந்து, பந்தடிக்கும் கோலை எடுத்தார். செய்யத் தெரிந்ததைச் செய்தார். கறுப்புப் பந்துவரை இழுத்துக்கொண்டு வந்து மயிரிழையில் தோற்றார்.

விம்முக்கு அன்று தலைகால் புரியவில்லை. வின்னிபெக்காரனைப் பந்தாடியவரையே ஜெயித்துவிட்டானே. வாரத்தில் பாதி நாள் வந்தான். ஆடினார்கள். சவரிமுத்து கொஞ்சம் ஜெயித்தார், நிறையத் தோற்றார். என்னை சார் என்று கூப்பிடாதீர்கள் என்று விம் கெஞ்சிப் பார்த்தான். இவருக்கு வாயில் சார்தான் வந்தது. ஒரு வருஷம் போல இப்படியே ஓடியது. விம் சின்னச் சின்னப் போட்டிகளுக்கும் போய்வந்தான். ஜெயித்தால் சவரியோடு ஆடிய பழக்கம் என்றான். தோற்றால் அன்றைக்கு மேஜை சரியில்லை, சவரியையே ஜெயிக்கிறவன் நான், இவன் எம்மாத்திரம் என்று தேற்றிக்கொண்டான். அதைக் கேட்டபோதாவது சவரிமுத்துவுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பையன் சந்தோஷமாக இருக்கிறானே என்றுதான் அவருக்குப் பட்டது. நல்ல மனசு என்று ஒன்று இருந்துவிட்டால் போதும் போலிருக்கிறது, புத்தி லீவு போட்டுவிடுகிறது.

1976 ஜனவரியில் விம் சவரிமுத்துவையும் ரோஸ்லினையும் ஒஷாவாவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் மனைவி ஆனெக் பிள்ளைத்தாய்ச்சி. பட்டாணியை மசித்து, இறைச்சித் துண்டு போட்ட கெட்டியான சூப்பை ஊற்றிக்கொடுத்தாள். சின்ன வீடு, ஜன்னல் திண்டில் தொட்டிச் செடிகள், தொட்டில் வைக்க ஒழித்துவைத்த அறை. சாப்பாட்டின் நடுவில் விம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். தொழிற்சாலை வேலையை விடப்போகிறானாம். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கிலாந்து போகிறார்களாம். அங்கேதான் ஸ்நூக்கரைத் தொழிலாக ஆடிப் பிழைக்க முடியும். "ஒரு டச்சுக்காரன் ஸ்நூக்கர்ல பேர் வாங்கினதா நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் வாங்கப்போறேன்" என்றான். "இவர்தான் எனக்கு அளவுகோல்" என்று சவரிமுத்துவைக் கைகாட்டினான். வேலையை விடுவதாக மேலாளரிடம் அடுத்த மாதம் சொல்லப்போவதாகவும் சொன்னான்.

சவரிமுத்துவுக்கு அதற்குமேல் சூப் இறங்கவில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனபோது ஆனெக் பின்னாலேயே வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு இந்த ஆட்டம் புரியாது. அவர் சொல்றதை மட்டும் வச்சு என்னால முடிவு பண்ண முடியலை. உங்களுக்குத்தான் தெரியும். அவரால முடியுமா?"

இதைவிட நேராக ஒருத்தி கேட்க முடியாது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடமும் கிடைக்காது. சவரிமுத்து வாயைத் திறந்தார். கிளப்பில் மெம்பர்களின் மனைவிமார் கேட்கும்போதெல்லாம் வரும் அதே பதில், குனிந்த தலையோடு, தானாக வந்து விழுந்தது.

"வெரி குட் பிளேயர், மேடம்."

ஆனெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்தக் கை அன்று முழுவதும் அவருக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ரோஸ்லின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேப்பேன், மழுப்பாம சொல்லணும். அந்தத் தம்பிகிட்ட நீங்க வேணும்னேதான தோக்கறீங்க?"

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? குன்னூர்ல மேஜரைக் குஷிப்படுத்திட்டேன்னு சிரிச்சுக்கிட்டு வருவீங்க பாருங்க, அதே சிரிப்போடதான் இங்கயும் வீட்டுக்கு வர்றீங்க. ஒரு வருஷமா பாக்கறேன்."

சவரிமுத்து கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"மேஜருக்கு எஸ்டேட் இருந்துச்சு, பென்ஷன் இருந்துச்சு. ஜெயிச்சாலும் தோத்தாலும் அவர் வீட்ல உலை கொதிக்கும். இவங்களுக்கு என்ன இருக்கு? புள்ள பொறக்கப்போகுது, வீட்ட விக்கறேங்கறான்."

"அந்தம்மா மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வாய் வரலை, ரோஸ்."

"எனக்கு மட்டும் வருதாக்கும். வார்டுல தினம் யாராவது கையப் புடிச்சுக்கிட்டுப் பொழச்சுக்குவேனா சிஸ்டர்னு கேக்கத்தான் கேக்கறாங்க. பொழச்சுக்குவீங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா எனக்கும் சுளுவுதான். சொல்லக் கூடாதுங்க. நீங்க போய் அந்தத் தம்பிகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னாரா? விம் அடுத்த முறை வந்தபோது சொல்ல வந்ததை மென்று முழுங்கினார். சரி, வாயால் வேண்டாம், ஆட்டத்தில் ஜெயித்துக் காட்டிவிடலாம் என்று கோலை எடுத்தார். கடைசிக் கறுப்புப் பந்துவரைக்கும் ஜெயித்துக்கொண்டுதான் வந்தார். அதற்குமேல் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. பந்து குழியின் வாயில் நின்றது. விம் அதைத் தட்டிவிட்டுவிட்டு இங்கிலாந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சவரிமுத்து தன் வலது கையை அன்றுதான் முதல்முறையாகப் பயத்தோடு பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லின் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

விம் மேலாளரிடம் போய்ச் சொல்லப்போவது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து நேராக சவரிமுத்து ஹாலுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஸ்டாவ்ரோஸிடம் சாவி வாங்கிவைத்திருந்தார். விம்மையும் வரச் சொல்லியிருந்தார். இங்கிலாந்து போகும் முன் ஆளில்லாத ஹாலில் நிம்மதியாக ஆடலாம் என்று நினைத்துக்கொண்டு அவன் சிரித்த முகத்தோடு வந்தான். சவரிமுத்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கிளப், மெம்பர், மார்க்கர், காப்பி, நாற்காலி, எல்லாம்.

விம் சிரித்தான். "ஆனெக் உங்களைப் பேசச் சொன்னாளா?"

"இல்லை, சார்."

"பயப்படறா. எனக்குத் தெரியும். நீங்களும் நல்ல மனசுல அவளுக்காகச் சொல்றீங்க."

சவரிமுத்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். "எந்தக் குழின்னு சொல்லுங்க."

விம் புரியாமல் மூலைக் குழி ஒன்றைக் காட்டினான். சவரிமுத்து குனிந்து அடித்தார். பந்து போய் இரண்டு உதட்டிலும் தட்டி வாயில் நின்றது. திரும்ப எடுத்து வைத்தார். விம் வேறொரு குழியைக் காட்டினான். நின்றது. பக்கக் குழியைக் காட்டினான். அங்கேயும் நின்றது. நாலாவது முறை விம் எதையும் காட்டவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

"ஒரு வருஷமாவா?" என்று கேட்டான்.

"ஆமா, சார்."

"எல்லா ஆட்டமுமா?"

எல்லாம் இல்லை, சிலதில் நீங்களே நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லத்தான் சவரிமுத்துவுக்கு ஆசை. எது எது என்று கேட்டால் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டார்.

விம் எழுந்து தன் கோலைப் பொருத்தினான். "இப்ப நிஜமா ஆடுங்க" என்றான்.

சவரிமுத்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். தனக்குள்ளிருந்த மார்க்கரை வெளியே அனுப்பிவிட்டு ஆடுவது என்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் மனசுக்குள், இவன் கஸ்டமர் இல்லை, இவன் கஸ்டமர் இல்லை என்று சொல்லிக்கொண்டே அடித்தார். முதல் ஆட்டத்தில் விம்முக்கு ஆட வாய்ப்பே அதிகம் கிடைக்கவில்லை. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதில் விம் தூரத்துப் பந்து ஒன்றைத் தவறவிட, மீதி எல்லாவற்றையும் சவரிமுத்து துடைத்தெடுத்துவிட்டார். இப்படி ஆடினால் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒரு சந்தோஷமும் இல்லை. அந்தப் பையன் நாற்காலியில் ஒவ்வொரு முறை போய் உட்காரும்போதும் கொஞ்சம் சின்னவனாகிக்கொண்டே போனான்.

"போதும், விம்" என்றார். சார் என்ற வார்த்தை விட்டுப்போனதை அவரே கவனிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு" என்றான் விம்.

அந்த ஆட்டம்தான் ஆட்டம். இழக்க ஒன்றும் இல்லை என்றானபின் அவனுக்குள் என்னவோ கழன்றுகொண்டுவிட்டது. இத்தனை நாள் அவன் மிரண்ட தூரத்துப் பந்துகளை இப்போது பார்த்தமாத்திரத்தில் அடித்தான், விழுந்தன. சவரிமுத்து விடாமல் ஆடி முன்னாலேயே இருந்தார். அவர் விட்டுக்கொடுத்தது ஒன்றும் இல்லை, வேறு பந்துக்குப் பின்னால் அவர் மறைத்துவைத்த பந்தை எல்லாம் அவன் தேடி அடித்தான். சிவப்பெல்லாம் தீர்ந்து நிறப் பந்துகள் மட்டும் மிஞ்சியபோதும் அவன் பின்தங்கித்தான் இருந்தான். மஞ்சளைப் போட்டான். பச்சை. பழுப்பை மேஜையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அனுப்பினான். நீலம். இளஞ்சிவப்பு. சவரிமுத்துவுக்கு ரோமம் சிலிர்த்தது. குன்னூரில் எஸ்டேட் முதலாளிகளும் ஜெனரல்களும் ஆடி அவர் பார்த்ததில் இப்படி ஒன்று இல்லை. இப்போது கறுப்பைப் போடுகிறவனுக்கே ஆட்டம் என்று வந்து நின்றது.

விம் அடித்த கறுப்பு குழி தவறி, உருண்டு வந்து, நல்ல இடத்தில் நின்றது. சுலபமான பந்து. குழந்தைகூடப் போட்டுவிடும்.

சவரிமுத்து குனிந்தார். தோற்றுக்கொடுக்கும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. விட்டுக்கொடுத்தால் அது விம்முக்குச் செய்யும் துரோகம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. அவன் இவ்வளவு ஆடிய ஆட்டத்துக்கு முழு மரியாதை கொடுத்து ஜெயிக்கத்தான் நினைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழியைப் பார்த்து, மனசார அடித்தார். பந்து நேராகப் போனது. ஒரு உதட்டில் தட்டியது. மறு உதட்டில் தட்டியது. குழியின் வாயில் நின்றது.



விம் எழுந்து வந்தான். தட்டினால் விழுந்துவிடும். தட்டினால் இந்த ஆட்டம் அவனுடையது. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்துக்கு முன் இதே மாதிரி நின்ற பந்துகளைத்தான் அவனுக்கு சவரிமுத்து ஒன்று ஒன்றாக அடித்துக் காட்டியிருந்தார்.

"விம், நான் போடத்தான் அடிச்சேன். மாதா மேல சத்தியமா. மத்ததை விடுங்க, அதுக்கு முந்தி நீங்க ஆடினீங்களே, அதுல நான் எதையும் கொடுக்கலை. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததே இல்லை. நீங்க இங்கிலாந்து போனா..." தப்பாக எண்ணியிருந்தோமோ, இவனோடு ஒரு வருஷம் நேர்மையாக ஆடித் தோற்கடித்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ போயிருப்பானோ என்ற எண்ணம் அப்போதுதான் அவர் தலையில் இடியாக இறங்கியது.

விம் கோலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கோட்டை மாட்டிக்கொண்டான். கோபமாக இருந்திருந்தால்கூட சவரிமுத்து தாங்கியிருப்பார். அவன் முகத்தில் கோபம் இல்லை. போகும்போது அவர் தோளில் மெதுவாகத் தட்டினான்.

"பேட் லக், சவரி" என்றான்.

திங்கட்கிழமை அவன் மேலாளரைப் பார்க்கப் போகவில்லை. வேலை நிலைத்தது, வீடும் தப்பியது. கோடையில் பெண் குழந்தை பிறந்ததாக ஆனெக் போன் செய்து ரோஸ்லினிடம் சொன்னாள். விம் ஆட்டத்தைவிட்டே விலகிவிட்டார், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், உங்கள் வீட்டுக்காரருக்காவது தெரியுமா என்றும் கேட்டாள். ரோஸ்லின் தெரியவில்லை என்றாள். வார்டில் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று சொன்னவள், அந்தப் போனில் அப்படித்தான் சொன்னாள்.

சவரிமுத்து ஒரு தடவை குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு தனியாக ஒஷாவா போனார். விம் உட்காரவைத்தான், காப்பி கொடுத்தான், தொழிற்சாலையில் தன்னை மேற்பார்வையாளராக்கியதைச் சொன்னான், குழந்தையை அவர் மடியில் வைத்தான். இவர் கடைசி ஆட்டத்தைப் பற்றி வாயெடுத்தபோது, "நீங்க ரொம்ப நல்லவர், சவரி" என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இனி என்ன சொன்னாலும் அது பேச்சோடு போகும் என்று சவரிமுத்துவுக்குப் புரிந்தது. பொய்யை அவ்வளவு அழகாகச் செய்துவந்த ஆள் நிஜத்தைச் சொன்னால் எவன் நம்புவான்? பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்காரன் பார்க்கிறான் என்றுகூட இல்லாமல் அழுதார்.

வாடிக்கைக்காரர்களோடு அவர் அதற்குப் பிறகு ஆடவில்லை. ஸ்டாவ்ரோஸ் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். காலையில் கடை திறக்கும் முன் வழக்கம்போல துணியை நீவி, இஸ்திரி போட்டு, பந்துகளைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் கறுப்பை மட்டும் எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை அது நின்ற அதே இடத்தில் வைப்பார். வெள்ளையை அதே இடத்தில் வைப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அடித்த மாதிரியே அடிப்பார். கை தவறியதா, கை பழகியதைச் செய்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எழுபத்தொன்பதில் ஸ்டாவ்ரோஸ் ஹாலை விற்கும்வரை ஒரு நாள் விடாமல் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அது விழுந்தது.